வீடு இழந்தவர்களின் கண்ணீரை மட்டும் செய்திகளில் ஏன் காட்டுகிறார்கள்?

வாடகை, வீட்டுக்கடன், வேலையிழப்பு பற்றிய செய்திகளில் அழும் முகங்களையே காட்டுகிறார்கள், காரணத்தை ஏன் சொல்வதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்கும் விதத்தைப் பார்த்தால் உங்கள் வாசலிலும் யாரோ மைக்கை நீட்டியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. எங்கள் வாசலுக்கு வந்தார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு வேலை போய் நான்காவது மாதம். வீட்டுக்காரர் வாடகையை ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்கு ஏற்றினார். ஒப்பந்தத்தில் அப்படி இல்லை. கட்ட முடியாது என்றதும் காலி செய்யச் சொன்னார். பெயிண்ட் அடிக்க, குழாய் மாற்ற என்று முன்பணத்தில் பாதியைப் பிடித்துக்கொண்டார். சாமான்களை வாசலில் இறக்கிவிட்டு வண்டிக்காகக் காத்திருந்தபோது ஒரு நிருபரும் புகைப்படக்காரரும் வந்தார்கள். அந்தத் தெருவில் நாங்கள் காலி செய்யும் மூன்றாவது குடும்பம். யாரோ தகவல் சொல்லியிருக்க வேண்டும்.

ஒப்பந்தம், வாடகை ரசீதுகள் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் உறையில் இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து நிருபரிடம் காட்டினேன். அரைமணி நேரம் பொறுமையாகக் குறித்துக்கொண்டார். முடிந்ததும் உறையை அம்மாவிடம் கொடுத்தேன். அப்புறம் புகைப்படக்காரர், சுருட்டி வைத்திருந்த மெத்தை மேல் அம்மாவை உட்காரச் சொன்னார். "கேமராவைப் பார்க்காதீங்கம்மா, தரையைப் பாருங்க" என்றார். அம்மா அன்று அழவே இல்லை. படத்தில் அழுவது போலவே இருந்தது.

மறுநாள் செய்தியில் அம்மாவின் பெயர், வயது, என் பெயர், தெருப் பெயர், எனக்கு வேலை போனது எல்லாம் வந்திருந்தன. வாடகை எவ்வளவு ஏறியது என்பது வரவில்லை. முன்பணம் பற்றி ஒரு வரி இல்லை. எங்களைக் காலி செய்யச் சொன்னவர் "வீட்டின் உரிமையாளர்" என்ற இரண்டு சொல்லோடு முடிந்துவிட்டார். அடுத்து வீடு பார்க்கப் போன இரண்டு இடங்களில் "பேப்பர்ல வந்தது நீங்கதானே?" என்று கேட்டுவிட்டு, வீட்டை வேறு ஒருவருக்குப் பேசிவிட்டதாகச் சொன்னார்கள்.

நிருபரைக் குறை சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். போன் செய்து கேட்டேன். எழுதிக் கொடுத்ததில் எல்லாம் இருந்ததாம், இடமில்லை என்று வெட்டிவிட்டார்களாம். நம்புகிறேன். அவர் வராவிட்டால் அந்த நாலு வரியும் வந்திருக்காது என்பதும் தெரியும். ஆனால் எங்கள் செய்திக்கு எதிர்ப் பக்கம் முழுக்க அடுக்குமாடி விளம்பரம். அதற்காகத்தான் வெட்டினார்கள் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை, சொல்லவும் மாட்டேன். எரிபொருள் விலை ஏறினால் "மக்கள் தவிப்பு" என்றும், வீட்டு விலை ஏறினால் "சந்தை மீண்டது" என்றும் எழுதும்போது அது யாருக்கு நல்ல செய்தி என்று ஒரு நிமிடம் யோசித்தால் போதும்.

இது என் மனக்குறை மட்டும் இல்லை. ஷாந்தோ ஐயங்கார் என்ற ஆய்வாளர் டி.வி. செய்திகளை வைத்துச் செய்த சோதனைகளை 1991ல் வெளியிட்டார். வறுமையை ஒரு தனி ஆளின் கதையாகக் காட்டினால், பார்ப்பவர்கள் பெரும்பாலும் அந்த ஆளையே பொறுப்பாக்குகிறார்கள். நாடு முழுவதும் நடக்கும் விஷயமாகக் காட்டினால் அரசையும் சமூகத்தையும் கேள்வி கேட்கிறார்கள். எங்களுக்கு வீடு தர மறுத்த இருவரும் செய்தியில் படித்தது வாடகை கட்டாத ஒருவனைப் பற்றித்தான்.

1936ல் கலிஃபோர்னியாவில் ஒரு கூலித் தொழிலாளர் முகாமில் டோரத்தியா லாங்கே என்ற புகைப்படக்காரர் எடுத்த படத்தைப் பார்த்திருப்பீர்கள், ஒரு தாய், அவர் தோளில் சாய்ந்திருக்கும் குழந்தைகள். பத்திரிகையில் வந்ததும் அந்த முகாமுக்கு உணவு போனது. அந்தக் குடும்பம் அதற்குள் வேறு இடத்துக்குப் போய்விட்டது. ஃப்ளோரன்ஸ் தாம்சன் என்ற அந்தத் தாயின் பெயரே 1978ல்தான் வெளியே தெரிந்தது. அந்தப் படத்தால் தனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை என்றார்.

லண்டனில் கிரென்ஃபெல் டவர் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தவர்கள், பெரிய விபத்து ஒன்று நடந்தால்தான் எங்கள் வீட்டு நிர்வாகத்தின் திறமையின்மை வெளியே தெரியும் என்று 2016 நவம்பரில் தங்கள் வலைப்பதிவில் எழுதினார்கள். 2017 ஜூன் 14 அன்று தீப்பிடித்து 72 பேர் இறந்தார்கள். கேமராக்கள் அதன் பிறகுதான் வரிசை கட்டின. இதை எழுதும்போதே கை நடுங்குகிறது.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். உறவினர் வீட்டில் இருந்த நாட்களில் வேலைக்குப் போனால் முகவரிச் சான்று கேட்டார்கள். முகவரிச் சான்றுக்கு வாடகை ஒப்பந்தம் வேண்டும். ஒப்பந்தம் போட வீட்டுக்காரர் வேலைச் சான்று கேட்டார். ஏழு வாரம் இப்படியே அலைந்தேன். இதை எந்த நிருபரிடமும் படமாகக் காட்ட முடியாது.

உங்களிடம் யாராவது வந்தால் பேசுங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். வாடகை எவ்வளவு ஏறியது என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள், ரசீதை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொள்ளுங்கள். மெத்தையில் உட்கார்ந்திருந்தபோது அந்தப் பிளாஸ்டிக் உறை அம்மாவின் மடியில்தான் இருந்தது. அச்சான படம் அவர் தோளோடு முடிந்துவிட்டது.