எறியும் தோளுக்கு எந்தப் பக்கம் ஸ்ட்ரெச்சிங் வேண்டும்?

கேள்வி: ஈட்டி எறிகிறேன், வயது 19. எறிந்த மறுநாள் தோளின் பின்பக்கம் பிடித்துக்கொள்கிறது. கதவுநிலையில் கையை ஊன்றி நெஞ்சை முன்னே தள்ளும் ஸ்ட்ரெச்சைத் தினமும் செய்தும் பலனில்லை. இன்னும் அதிக நேரம் செய்யலாமா?

பதில்: வேண்டாம், முதலில் அந்தக் கதவை விட்டுவிடுங்கள். இறுகியிருப்பது பின்பக்கம், நீங்கள் இழுப்பதோ முன்பக்கம். எறிவதற்குக் கையைப் பின்னால் கொண்டுபோகும் ஒவ்வொரு முறையும் மூட்டின் முன்பக்கம் இழுபட்டுக்கொண்டேதான் இருக்கிறது, பலருக்கு ஏற்கெனவே தேவைக்கு மேல் தளர்ந்திருக்கும், அதைப் போய் இன்னும் இழுத்தால் மூட்டின் பிடிமானம்தான் குறையும். பின்பக்கத்துக்கு வேறு வேலை. ஈட்டி போனபிறகும் பறக்கிற கையைப் பிடித்து நிறுத்தும் பிரேக் அங்கேதான் இருக்கிறது. அந்தத் தசைகள் நீண்டுகொண்டே இறுக்கிப் பிடிக்க வேண்டும், அதனால்தான் மறுநாள் அந்த விறைப்பு.

சரி, சோதித்துப் பாருங்கள். மல்லாந்து படுத்து, மேல்கையைத் தோள் உயரத்தில் பக்கவாட்டில் நீட்டி, முழங்கையை மடக்கி விரல்கள் கூரையைப் பார்க்க வையுங்கள். தோள் தரையை விட்டு எழும்பாமல் முன்கையைக் கால்பக்கமாகச் சாயவிட்டு, எவ்வளவு போகிறது என்று இரண்டு கைகளையும் ஒப்பிடுங்கள். எறியும் கை கொஞ்சம் குறைவாகச் சாய்வது சகஜம், சின்ன வயதிலிருந்தே எறிபவர்களுக்கு மேல்கை எலும்பே சற்று முறுக்கிக்கொண்டு வளர்ந்திருக்கும். முன்கையைத் தலைப்பக்கமாகச் சாயவிட்டால் அந்த அளவுக்கு அதிகம் சாய்ந்து ஈடுகட்டிவிடும். சுமார் 20 டிகிரி குறைந்து, தலைப்பக்கமும் ஈடுகட்டவில்லை என்றால்தான் கவனிக்க வேண்டும்.

பின்பக்கத்துக்கு எனக்குப் பிடித்த ஸ்ட்ரெச், மார்புக்குக் குறுக்கே கையை இழுப்பதுதான். எல்லோரும் செய்வதுதான், ஆனால் பாதிப்பேர் இழுக்கும்போது தோள்பட்டை எலும்பும் சேர்ந்து வந்துவிடும், தசை நீளவே நீளாது. அந்த எலும்பின் வெளி ஓரத்தைச் சுவரில் அழுத்திக்கொண்டு இழுங்கள், வித்தியாசம் உடனே தெரியும். 30 விநாடி, மூன்று முறை. அப்புறம் ஸ்லீப்பர் ஸ்ட்ரெச்: எறியும் பக்கம் ஒருக்களித்துப் படுத்து, அந்தக் கையை முன்னால் தோள் நேருக்கு வைத்து, முழங்கையை 90 டிகிரி மடக்கி, மறுகையால் மணிக்கட்டைத் தரைப்பக்கம் மெதுவாக அழுத்துவது. இழுப்பு தோளின் பின்னால்தான் தெரிய வேண்டும். முன்னாலோ உச்சியிலோ சுருக்கென்றால் உடம்பைக் கொஞ்சம் பின்னால் சாய்த்துப் பாருங்கள், அப்படியும் குத்தினால் இதை விட்டுவிடுங்கள். முண்டியடித்து அழுத்தினால் உள்ளே நசுங்குவதுதான் மிச்சம்.

இரண்டையும் பயிற்சி முடிந்த பிறகு செய்யுங்கள். எறிவதற்கு முன் கைகளைச் சுழற்றுவதும் மெதுவான சில எறிகளும் போதும்.

ஒரே வாரத்தில் எறிகளை இரட்டிப்பாக்கினால் எந்த ஸ்ட்ரெச்சும் காப்பாற்றாது, எண்ணிக்கையைக் குறித்து வையுங்கள். இரவில் வலி எழுப்பினாலோ, கை மரத்தாலோ, எறியும்போது தோள் நழுவுவதுபோல் இருந்தாலோ ஸ்ட்ரெச்சிங்கை நிறுத்திவிட்டு எலும்பு மூட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.