பழைய பைக் வாங்கப் போகிறீர்களா? கேள்வி பதில்

சேலத்தில் இருபது வருடமாகப் பழைய டூவீலர்களைப் பார்த்துச் சொல்கிறேன். வாங்கப்போகும் வண்டி எப்படி ஓடி வந்தது என்பதைக் கண்டுபிடிப்பது பற்றி இந்த வாரம் வந்த கேள்விகள் இவை.

ஓமலூர்: 2019 வண்டி. அரசின் எம்பரிவாஹன் ஆப்பில் எஃப்சி (வண்டி ஓடத் தகுதி என்ற சான்று) 2034 வரை காட்டுகிறது. நம்பி வாங்கலாமா அண்ணா?

அந்த 2034-ஐ நம்பாதீர்கள் தம்பி. சொந்த உபயோக பைக்குக்குப் பதிவு செய்த நாளிலிருந்து 15 வருடம் ஆர்சி (பதிவுச் சான்று) செல்லும். அந்தக் கடைசித் தேதிதான் அது. லாரி, ஆட்டோ மாதிரி நடுவில் எந்த இன்ஸ்பெக்டரும் பைக்கைப் பார்ப்பதில்லை. முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் வளைந்து கிடந்தாலும் 2034 என்றுதான் காட்டும்.

உண்மையான சரித்திரம் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஒன்று, கம்பெனி சர்வீஸ் சென்டர். ஓனரைக் கூட்டிக்கொண்டு போய், வண்டி நம்பரைச் சொல்லிப் பழைய ஜாப் கார்டுகளைக் கேளுங்கள். ஒவ்வொரு சர்வீஸிலும் எத்தனை கிலோமீட்டர் என்று பதிந்திருப்பார்கள். 2022-ல் 41,000 ஓடிய வண்டி இன்று மீட்டரில் 28,000 காட்டினால் எழுந்து வந்துவிடுங்கள். இரண்டாவது, இன்சூரன்ஸ் பேப்பர். ஃபுல் இன்சூரன்ஸ் என்றால் நோ க்ளெய்ம் போனஸ் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். க்ளெய்ம் எடுக்காமல் வந்தால் 20, 25, 35, 45, 50 என்று ஏறும். ஐந்து வருட வண்டியில் பூஜ்யம் என்றால் க்ளெய்ம் போயிருக்கலாம், ஓனர் மாறியிருக்கலாம், இல்லை 90 நாளுக்கு மேல் இன்சூரன்ஸ் இல்லாமல் கிடந்திருக்கலாம். எது என்று நேரடியாகக் கேளுங்கள்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஹேண்டிலைத் திருப்பி, டார்ச் அடித்து, சேசிஸ் கழுத்தில் உள்ள நம்பரை ஆர்சியோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். 2011-ல் நான் அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான் பார்த்தேன். ஒரு எண் மாறியிருந்தது. அந்தப் பணம் திரும்பி வர எட்டு மாதம் ஆனது.

கொண்டலாம்பட்டி: பொல்யூஷன் சர்டிஃபிகேட் கரெக்டாக எடுத்திருக்கிறார். நல்ல பராமரிப்புதானே?

புகை மட்டும்தான் அதில் தெரியும். பிஎஸ்4, பிஎஸ்6 (புகை அளவுக்கான அரசு விதி) வண்டிக்கு ஒரு வருடம், அதற்கு முந்தையதற்கு ஆறு மாதம் செல்லும். பிரேக்கையோ செயினையோ அங்கே யாரும் பார்ப்பதில்லை.

நாகலூர்: ஏற்காட்டில் ஓடிய வண்டியைத் தொடவே கூடாது என்கிறார் சித்தப்பா. உண்மையா?

இதற்குப் பதில் எழுதும் முன்பே ஏற்காடு ஒண்டிக்கடைப் பகுதி நண்பர் ஒருவர், “நாற்பது வருடமாக மலையில்தான் ஓட்டுகிறோம், எங்கள் வண்டிக்கு என்ன குறை?” என்று கேட்டிருக்கிறார். அஸ்தம்பட்டிக்காரர், “கிளட்ச் முழுக்கப் போயிருக்கும்” என்று அவரோடு மல்லுக்கு நிற்கிறார்.

நான் ஒண்டிக்கடைக்காரர் பக்கம். வண்டியை மலை கெடுப்பதில்லை, இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறவர்தான் கெடுக்கிறார். ஏற்காடு 1,500 மீட்டர் உயரம், சேலம் பக்கமாக இறங்கினால் 20 கொண்டை ஊசி வளைவு. அத்தனையையும் பிரேக்கை மட்டும் பிடித்து இறக்கினால் டிஸ்க் வெந்துவிடும். ஊர்க்காரர்கள் ஏறிய கியரிலேயே இறங்குவார்கள். வார இறுதிக்கு வாடகைக்கு ஓடிய வண்டியைத்தான் நான் சந்தேகப்படுவேன்.

பார்க்கிற விதம்: வண்டி ஆறிய பிறகு முன் டிஸ்க்கின் ஓரத்தில் நகத்தை வையுங்கள். பிரேக் பேட் தேய்த்த இடம் பள்ளமாகி விளிம்பு திட்டாக நின்றால் நகம் இடறும். நீலமோ ஊதாவோ பூத்திருந்தால் நன்றாகச் சூடு கண்ட டிஸ்க். இருக்கவேண்டிய குறைந்தபட்ச கனத்தை டிஸ்க்கிலேயே பொறித்திருப்பார்கள். அப்புறம் சென்டர் ஸ்டாண்டு போட்டு முன் சக்கரத்தைத் தூக்கி, ஹேண்டிலை மெதுவாகத் திருப்புங்கள். நேராக வரும்போது ‘டக்’ என்று உட்கார்ந்தால் கோன்செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) போய்விட்டது.

அஸ்தம்பட்டி சார், கிளட்ச் பிளேட் மாற்றுகிற சாமான். அதற்காக நல்ல வண்டியை விடவேண்டாம்.

செவ்வாய்ப்பேட்டை: ஆப்பில் எல்லாம் பச்சையாகக் காட்டுகிறது, வாங்கலாமா?

ஓமலூர் தம்பிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஆத்தூர்: பெங்களூரு வண்டி, விலை குறைவு.

என்ஓசி (அந்த ஊர் ஆர்டிஓ தரும் தடையில்லாச் சான்று), இங்கே கட்டவேண்டிய வரி, புது நம்பர் எல்லாம் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். என்ஓசி கையில் வராமல் முழுப் பணம் தராதீர்கள். சேசிஸ் நம்பர் பார்த்தீர்களா?

அயோத்தியாப்பட்டணம்: கன்சல்டிங்கில் (பழைய வண்டி விற்கும் கடை) பேர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30-ல் ஓனர் கையெழுத்து வாங்கித் தருகிறார்கள். பேர் மாற்றம் பிறகு செய்யலாமா?

கூடாது. அந்த ஃபார்ம் டிராயரில் கிடக்கும்வரை வண்டி பழைய ஓனர் பேரில்தான் இருக்கும். விபத்து நடந்தால் ஆர்சியில் பேர் உள்ளவரே பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அவருக்கும் கெடுதல், உங்களுக்கும் வண்டி உங்களுடையது என்று காட்ட ஒன்றும் இருக்காது. ஆர்சியில் ஃபைனான்ஸ் பேர் இருந்தால் கடன் முடிந்தது என்று காட்டும் ஃபார்ம் 35-ம் கேட்டு வாங்குங்கள்.

மேட்டூர்: ஆப்பில் எஃப்சி இருக்கிறது…

மேலே ஓமலூர்.

ஜாகிர் அம்மாபாளையம்: ஞாயிறு வண்டி பார்க்கப் போகிறேன், கூட வருவீர்களா?

காலை ஏழு மணிக்கு வருகிறேன். வண்டியை ஸ்டார்ட் பண்ணாமல் வைத்திருக்கச் சொல்லுங்கள், எஞ்சின் குளிர்ந்திருக்கவேண்டும். டார்ச் கொண்டு வாருங்கள்.