கண்ணாடி ஓவியம்: கண்ணை முதலில் எழுதுங்கள்

கேள்வி: தஞ்சாவூர் பாணியில் கண்ணாடியின் பின்புறம் பாலகிருஷ்ணர் வரைந்தேன். அக்ரிலிக் வண்ணம்தான். முன்னால் திருப்பிப் பார்த்தால் கண், புருவக் கோடுகள் தெரியவில்லை. இரண்டு மாதத்தில் ஓரத்திலிருந்து வண்ணமும் உரிகிறது. என்ன தவறு?

பதில்: கோடு தெரியாததற்குக் காரணம் வரிசை. தாளில் உடல் நிறத்தைப் பூசிவிட்டு அதன்மேல் கண் எழுதுவோம். கண்ணாடியில் முதலில் வைப்பதுதான் பார்ப்பவருக்கு முன்னால் நிற்கும். நீங்கள் முகத்துக்கு நீலத்தைப் பூசிய பிறகு எழுதிய கண் அந்த நீலத்துக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. கண்ணுக்கு மட்டும் வரிசை இது: இமைக்கோடும் புருவமும், கருமணியில் மின்னும் வெள்ளைப் புள்ளி, கருமணி, வெண்விழி, கன்னத்து நிழல், கடைசியில் முகம் முழுக்க நீலம். நகைக்கும் இதே கணக்கு. முத்தின் பளபளப்புப் புள்ளி முதலில், முத்து பிறகு.

வரிசை சரியாக இருந்தும் கோடு கலைந்தால், அடியில் இருப்பது காயவில்லை என்று பொருள். எனாமல் என்றால் ஒவ்வொரு பூச்சுக்கும் ஒரு நாள் இடைவெளி விடுங்கள். மழைக்காலத்தில் இரண்டு நாள். அவசரப்பட்டால் மேல்பூச்சிலுள்ள டர்பன்டைன் கீழ்க்கோட்டைக் கரைத்து இழுத்துவிடும். தண்ணீரில் கரையாத மையால் கோடு போட்டு, நன்றாகக் காய்ந்தபின் அக்ரிலிக் பூசுவது கற்றுக்கொள்பவருக்குச் சுலபம்.

உரிவதற்குப் பெரும்பாலும் விரல் எண்ணெய்தான் காரணம். கண்ணாடி எதையும் உறிஞ்சாது. வண்ணம் மேலோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். பாத்திரம் கழுவும் திரவத்தால் கழுவி, துடைத்து, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் மறுபடி துடையுங்கள். அதன்பின் வரையும் பக்கத்தைத் தொடாமல் விளிம்பை மட்டும் பிடியுங்கள். கை ஊன்றும் இடத்தில் ஒரு தாளைப் போட்டுக்கொள்ளலாம். இன்னொரு காரணம் தண்ணீர். அக்ரிலிக்கில் தாராளமாகத் தண்ணீர் சேர்த்தால் பிசின் நீர்த்து, பிடிப்பு போய்விடும். தடிமனாக ஒரே பூச்சாகப் பூசினாலும் பால் ஆடை போல முழுசாகக் கழன்று வரும். மெல்லியதாக இரண்டு மூன்று பூச்சு பூசி, வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஊசித் துளை தெரிகிறதா என்று பாருங்கள். உரிந்துவிட்ட படத்தைப் பசை வைத்து ஒட்டப் பார்க்காதீர்கள், பசை முன்னால் திட்டாகத் தெரியும். சுரண்டிவிட்டு மறுபடி வரைவதே மேல்.

நகைகளுக்குப் பொன் வண்ணம் பூசினால் மங்கலாகவே இருக்கும். அந்த இடங்களை வண்ணமில்லாமல் விட்டு, லேசாகக் கசக்கிய ஜரிகைத் தகட்டைப் பின்னால் வையுங்கள். தகடு முழுக்கப் பசை தடவக் கூடாது, ஓரத்தில் மட்டும்.

கேட்காததையும் ஒன்று சொல்லிவிடுகிறோம்: படம் இடவலம் மாறும். கோட்டுப் படத்தை அப்படியே கண்ணாடிக்கு அடியில் வைத்து வரைந்தால், வலக்கையில் இருந்த வெண்ணெய் இடக்கைக்குப் போகும். அடுத்துப் பிள்ளையார் வரைந்தால் இடம்புரி வலம்புரியாகிவிடும், வீட்டில் பெரியவர்கள் விட மாட்டார்கள்! டிரேசிங் தாளில் எடுத்து, தாளைத் திருப்பி வையுங்கள்.

18-ஆம் நூற்றாண்டில் சீனத்திலிருந்து மேற்குக் கடற்கரை வழியாக இந்தியாவுக்கு வந்த கலை இது. சாமிப் படம் மட்டும்தான் என்றில்லை. குரோஷியாவின் ஹ்லெபினே கிராமத்தில் 1914-இல் பிறந்த விவசாயி இவான் ஜெனராலிச், பனியையும் மாடுகளையும் ஊர்க்காரர்களையும் கண்ணாடியில் வரைந்தே 1953-இல் பாரீஸில் கண்காட்சி வைத்தார். இலையுதிர்ந்த மரங்களின் நுனிக்கிளை வரை கோடு கோடாக எழுதியவர். அந்தக் கோடுகளெல்லாம் முதலில், வானம் பின்னால்தான். அவர் படங்களைத் தேடிப் பாருங்கள், அடுக்குகளை எப்படி யோசிப்பது என்பது பிடிபடும்.

சட்டம் போடும்போது பின்அட்டை வண்ணத்தைத் தொடாமல் 3 மி.மீ. இடைவெளி கேளுங்கள். கடைக்காரர் அட்டையை அழுத்தி ஆணி அடித்தால், புழுக்கத்தில் வண்ணம் அட்டையோடு ஒட்டிக்கொள்ளும். வெயில் விழும் சுவரும் ஓதம் ஏறும் சுவரும் வேண்டாம். துடைக்கும்போது தண்ணீரைத் துணியில் தெளித்துத் துடையுங்கள். கண்ணாடிமேல் தெளித்தால் சட்டத்தின் இடுக்கு வழியாகப் பின்னால் இறங்கிவிடும்.