எழுதிக் கொடுங்க சார்!

அன்புள்ள ஐயா,

மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து எழுதுகிறேன். பெயர் போட வேண்டாம்.

அப்பா தை மாதம் தவறிவிட்டார். ஒரு வங்கியில் அவர் பெயரில் சேமிப்புக் கணக்கும், மூன்றரை லட்சத்துக்கு ஒரு பிக்சட் டெபாசிட்டும் இருக்கின்றன. இரண்டுக்கும் அம்மாதான் நாமினி. பாஸ்புக்கிலும் டெபாசிட் ரசீதிலும் அவர் பெயர் அச்சாகியிருக்கிறது. இந்தப் பணத்துக்காக அம்மாவை அழைத்துக்கொண்டு ஐந்து தடவை போய்விட்டேன். முதல் தடவை இறப்புச் சான்றிதழ் கேட்டார்கள், கொடுத்தோம். இரண்டாவது தடவை மேனேஜர் லீவு. மூன்றாவது தடவை வாரிசு சான்றிதழ் இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாது என்றார்கள். அதற்கு விண்ணப்பித்துவிட்டு நான்காவது தடவை போனால், பிள்ளைகள் மூன்று பேரும் ஆட்சேபணை இல்லை என்று பத்திரத்தில் எழுதித் தர வேண்டும், இரண்டு ஜாமீன்தாரரும் வேண்டும் என்றார்கள். பென்சிலால் இன்டு போட்ட இடங்களிலெல்லாம் அம்மா கையெழுத்துப் போட்டார். படிவம் முழுக்க ஆங்கிலமும் இந்தியும்தான்.

ஐந்தாவது தடவை காலை பத்தரைக்குப் போய் டோக்கன் எடுத்து உட்கார்ந்தோம். பன்னிரண்டரைக்கு வெள்ளைவேட்டிக்காரர் ஒருவர் வந்தார். டோக்கன் எடுக்கவில்லை. நேராக மேனேஜர் அறைக்குள் போனார், உள்ளே காபி போனது, பத்து நிமிடத்தில் வேலை முடிந்து வெளியே வந்துவிட்டார். எங்களிடம், சாப்பாட்டு நேரம் முடிந்து வாங்க என்றார்கள். நான் கத்திவிட்டேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வரிசையில் நின்ற ஒருவர், “பொம்பளைப் புள்ள இப்படியா கத்தறது” என்றார். அம்மா என் முந்தானையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார். வீட்டுக்கு வந்து அழுதேன். சென்னையில் இருக்கும் அண்ணன், “அங்க தெரிஞ்ச ஆள் இருக்கார், சொல்லி முடிச்சுக்கலாம், நீ விடு” என்கிறார்.

நான் கோபப்பட்டது தப்பா? யார்மேல் கோபப்பட வேண்டும் என்றும் தெரியவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கோபத்தில் தப்பே இல்லை. அதைப் பிறகு பேசுவோம். முதலில் அப்பாவின் பணம்.

உங்களிடம் கேட்ட தாள்களில் பெரும்பாலானவற்றைக் கேட்க அந்தக் கிளைக்கு உரிமை கிடையாது. நாமினி இருக்கும் கணக்கில் வைப்புதாரர் இறந்துபோனால், நாமினியிடம் நீதிமன்ற வாரிசுரிமைச் சான்றோ, உறுதிப் பத்திரமோ, ஜாமீனோ கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2005 ஜூனிலேயே எல்லா வங்கிகளுக்கும் எழுதிவிட்டது. தொகை எவ்வளவாக இருந்தாலும் இதுதான் விதி. விண்ணப்பமும் இறப்புச் சான்றிதழும் நாமினியின் அடையாளச் சான்றும் கையில் வந்த 15 நாளுக்குள் பணத்தைக் கொடுத்துவிட வேண்டும். டெபாசிட் முதிர்வதற்கு முன்பே எடுத்தாலும் அதற்காக அபராதம் பிடிக்கக் கூடாது. 2025 செப்டம்பரில் இந்த விதிகளையெல்லாம் ஒன்றாகத் தொகுத்துப் புதிதாக வெளியிட்டார்கள். 2026 மார்ச் 31-க்குள் எல்லா வங்கிகளும் அதை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்று கெடுவும் வைத்தார்கள். வங்கியின் தவறால் 15 நாளுக்கு மேல் இழுத்தால், தாமதமான நாட்களுக்கு, ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட் என்ற வட்டி விகிதத்தோடு 4 சதவீதம் சேர்த்து வட்டி தர வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது.

அப்படியானால் ஏன் கேட்கிறார்கள்? கவுண்ட்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவரின் பயம் இது. ஒரு தாளைக் கூடுதலாக வாங்கி வைத்தால் அவரை யாரும் கேள்வி கேட்கப்போவதில்லை. ஒரு தாள் குறைந்து, நாளைக்கு உங்கள் வீட்டில் பங்காளிச் சண்டை வந்தால் தன் தலையில் விடியும் என்று நினைக்கிறார். அந்தப் பயத்துக்குச் சட்டத்தில் இடமே இல்லை. வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 45 இசட்ஏ பிரிவுப்படி, நாமினியிடம் பணத்தைக் கொடுத்ததோடு வங்கியின் பொறுப்பு தீர்ந்தது. அம்மா அந்தப் பணத்தை வாரிசுகள் சார்பில் வாங்கிக்கொள்கிறார், அவ்வளவுதான். பிள்ளைகளின் பங்கு அதனால் எங்கும் போய்விடாது. அதை வீட்டுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். அதற்கு வங்கி பஞ்சாயத்து வைக்க வேண்டியதில்லை.

வாரிசு சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிட்டதாகச் சொல்கிறீர்கள். அது வரட்டும். பட்டா மாற்ற, இன்னும் சில வேலைகளுக்கு எப்படியும் தேவைப்படும். விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று மூன்று மேசை தாண்டி வர வேண்டும். அதற்குள் இந்தப் பணத்தை நிறுத்திவைக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

இனி நான் சொல்ல நினைத்த விஷயத்துக்கு வருகிறேன். ஐந்து தடவை போனீர்களே, அந்த ஐந்து தடவையும் உங்களிடம் சொன்னதில் ஒரு வார்த்தையாவது தாளில் இருக்கிறதா? வாரிசு சான்றிதழ் வேண்டும் என்றது வாயால். ஜாமீன் வேண்டும் என்றது வாயால். சாப்பிட்டுவிட்டு வாங்க என்றதும் வாயால்தான். இப்படிச் சொல்வதற்கு யாரும் பொறுப்பு ஏற்க வேண்டியதில்லை. நாளைக்கு, “நாங்க அப்படிச் சொல்லவே இல்லையே, அந்தம்மா படிவமே கொடுக்கலையே” என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். நீங்கள் விண்ணப்பம் கொடுத்தீர்கள் என்பதற்கே சாட்சி இல்லாதபோது அந்த 15 நாளை எந்தத் தேதியிலிருந்து எண்ணுவீர்கள்?

இது எனக்குப் புத்தகம் படித்து வந்த அறிவில்லை. என் அம்மாவின் கணக்கை ஒரு வங்கி முடக்கிவைத்திருந்தது. அப்பா போனபிறகு அம்மாவுக்கு வரும் குடும்ப ஓய்வூதியம் அந்தக் கணக்கில்தான் விழும். கேஒய்சி என்ற வாடிக்கையாளர் அடையாள விவரங்களைப் புதுப்பிக்கவில்லை, நேரில் வரவேண்டும் என்றார்கள். அம்மாவுக்கு அப்போது 81 வயது. ஆட்டோ பிடித்து அழைத்துப்போனேன். வாசலில் ஏழு படி, கைப்பிடி கிடையாது. ஒவ்வொரு படிக்கும் நின்று நின்று ஏறினார்.

உள்ளே ஒரு சின்னக் கருவியில் கட்டைவிரலை வைக்கச் சொன்னார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது. புடவைத் தலைப்பில் துடைத்துவிட்டு வைக்கச் சொன்னார்கள். மறுபடியும் சிவப்பு. ஈரத்துணியால் துடைத்தோம். வலது போய் இடது, கட்டைவிரல் போய் ஆள்காட்டி விரல் என்று எட்டு விரலாவது வைத்திருப்பார். “நல்லா அழுத்துங்கம்மா” என்று கவுண்ட்டரில் இருந்த பெண் திரும்பத் திரும்பச் சொன்னாள். அம்மா அழுத்தினார், நகம் வெளுக்கிற அளவுக்கு. அறுபது வருடம் அம்மியில் அரைத்து, சாம்பல் போட்டுப் பாத்திரம் தேய்த்த விரல்கள் அவை. ரேகை எங்கே இருக்கும்? அம்மா தன் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அது ஏதோ தப்புச் செய்துவிட்ட மாதிரி. அப்புறம் அந்தப் பெண்ணைப் பார்த்து, “நான்தாம்மா அது” என்றார்.

அதற்குமேல் எனக்குப் பொறுக்கவில்லை. நானும் கத்தியிருப்பேன். ஆனால் அம்மா பக்கத்தில் இருந்ததால் குரல் எழவில்லை. ஒரு வெள்ளைத்தாளை எடுத்து பக்கத்து மேசை அதிகாரி முன்னால் வைத்தேன். “ரேகை பதியவில்லை, அதனால் இவர் கணக்கைத் திறக்க முடியாது என்று இதில் எழுதி, சீல் வைத்துக் கொடுங்கள் சார், நான் போய்விடுகிறேன்” என்று அவரிடம் கேட்டேன். அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுந்து உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு பக்கப் படிவம் இருந்தது. விவரங்களில் மாற்றம் எதுவும் இல்லை என்று கணக்குக்காரரே எழுதிக் கையெழுத்துப் போடும் சுய உறுதிமொழி. இருபது நிமிடத்தில் கணக்கு திறந்துவிட்டது.

அந்தப் படிவம் காலையிலிருந்தே அங்கேதான் இருந்தது. விவரம் மாறாதவர்களுக்கு அது போதும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. இன்னொன்றும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. எழுபது வயது தாண்டியவர்களுக்கு கேஒய்சி தாள்களையும் ஆயுள் சான்றையும் வீட்டுக்கே வந்து வாங்கிக்கொள்ள ஏற்பாடு செய்யச் சொல்லி 2017 நவம்பரிலேயே உத்தரவு போட்டிருக்கிறார்கள். ஆயுள் சான்றுக்கு 2021-லிருந்து கைப்பேசியில் முகத்தைக் காட்டினாலும் போதும். அந்த ஏழு படி ஏறியிருக்கவே வேண்டாம். அம்மா இப்போது இல்லை. அந்த நாளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது.

அதனால் ஆறாவது தடவை போகும்போது இப்படிப் போங்கள். விண்ணப்பத்தை இரண்டு பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். இணைத்திருக்கும் தாள்களை வரிசையாக எழுதி, அடியில் தேதி போடுங்கள். ஒரு பிரதியைக் கொடுத்துவிட்டு, மற்றதில் தேதியோடு ரிசீவ்டு சீலும் கையெழுத்தும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் சண்டை வேண்டாம். நேராகத் தபால் நிலையம் போய், ஸ்பீடு போஸ்டில் அனுப்பிவிட்டு, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் ஏதாவது வேண்டும் என்று வாயால் சொன்னால், “எந்த விதிப்படி வேண்டும் என்று எழுதிக் கொடுங்க சார்” என்று மட்டும் கேளுங்கள். குரலை உயர்த்த வேண்டியதே இல்லை.

அதற்கும் அசையவில்லை என்றால் வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் சரியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. இணையத்திலேயே பதிவு செய்யலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. அப்போது உங்கள் கையில் இருக்கும் அந்த சீல் வைத்த நகல்தான் பேசும்.

படிவம் பற்றியும் ஒரு வார்த்தை. சில்லறை வாடிக்கையாளர்களுக்கான அச்சுப் படிவங்கள் ஆங்கிலம், இந்தி, மாநில மொழி மூன்றிலும் இருக்க வேண்டும் என்பது வங்கிகளுக்கு எப்போதோ சொல்லப்பட்ட விஷயம். தமிழ்ப் படிவம் கேளுங்கள். பென்சிலால் இன்டு போட்ட இடத்தில் கையெழுத்து வாங்குவது எனக்கு எப்போதுமே ஆத்திரத்தைக் கிளப்பும் பழக்கம். கணவனை இழந்து நாலு மாதம் ஆகாத ஒருவரிடம், எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்பதைக்கூடச் சொல்லாமல் விரலால் இடத்தைக் காட்டுகிறார்கள். எவ்வளவு கூட்டமாக இருந்தாலும் இதற்கு மன்னிப்புக் கிடையாது.

கூட்டம் இருப்பது உண்மைதான். உங்கள் பக்கத்துக் கிளைகளில் நகைக்கடன் கவுண்ட்டர் முன்னால் நிற்கும் வரிசையைப் பார்த்திருக்கிறேன். பாஸ்புக் போடுவதற்கும் நகை வைக்க வருபவருக்கும் முதியோர் ஓய்வூதியத்துக்கும் ஒரே ஆள். அந்த ஆளிடமே இன்ஷூரன்ஸ் இத்தனை பிடிக்க வேண்டும் என்று மேலிடத்து நெருக்கடி வேறு. அவர்மேல் எனக்குப் பரிதாபம் உண்டு. அதனால்தான் கத்த வேண்டாம் என்கிறேன். கத்தினால் அவர் காதில் விழுவது கத்தல் மட்டும்தான். உங்கள் நியாயம் விழாது.

வரிசையில் நின்று உங்களைக் கண்டித்தாரே, அவரை என்னால் சுலபமாக விட முடியவில்லை. அவருக்கு முன்னாலும்தான் வெள்ளைவேட்டி உள்ளே போனது. அவருடைய நேரமும்தான் போனது. அப்போது வாயைத் திறக்காதவர், நீங்கள் திறந்ததும் கண்டிக்கிறார். நம் ஊரில் இது எங்கும் நடக்கிறது. ரேஷன் கடை, ஆஸ்பத்திரி, பத்திரப்பதிவு அலுவலகம் எங்கே போனாலும் வரிசையில் இருப்பவர்கள் வரிசையில் இருப்பவர்களைத்தான் கடிந்துகொள்கிறார்கள். அந்த அறைக்கதவைப் பார்த்து யாரும் பேசுவதில்லை. நாளைக்குத் தனக்கும் அந்தக் கதவு திறக்காதா என்ற நப்பாசை பலருக்கும் இருக்கிறது.

உங்கள் அண்ணனின் யோசனையும் அங்கேதான் போய் நிற்கிறது. அவரைக் குறை சொல்லவில்லை. தங்கையின் அலைச்சலைக் குறைக்கத்தான் சொல்கிறார். ஆனால் தெரிந்த ஆள் மூலம் நடக்கும் வேலையும் வாய்ப்பேச்சுதான். உங்களுக்கு இல்லை என்று சொன்னதும் வாயால், வேட்டிக்காரருக்கு ஆகட்டும் என்று சொன்னதும் வாயால். நீங்களும் ஆள் பிடித்து முடித்துவிட்டால், அன்றைக்கு டோக்கனோடு உட்கார்ந்திருக்கும் இன்னொரு அம்மாவுக்கு நீங்கள்தான் அந்த வெள்ளைவேட்டி. உங்களிடம் விதி இருக்கிறது, நாமினி இருக்கிறது, எல்லாத் தாளும் இருக்கிறது. ஆளை வைத்துக் கேட்கிற அளவுக்கு இது யாருடைய தயவும் இல்லை. அப்பா உழைத்துச் சேர்த்த பணம்.

அம்மாவை ஆறாவது தடவை அழைத்துப் போக வேண்டாம். வீட்டில் வைத்து, படிவத்தை வரி வரியாகத் தமிழில் படித்துக் காட்டுங்கள். அப்புறம் கையெழுத்து வாங்குங்கள். நீங்கள் மட்டும் போய்க் கொடுத்துவிட்டு வாருங்கள். சீல் வாங்கிய நகலைப் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள், தேதியைக் குறித்து வைத்துக்கொள்கிறேன். பதினாறாவது நாள் பணம் வரவில்லை என்றால் ஒரு வரி எழுதுங்கள். புகார்க் கடிதத்தை நாம் இரண்டு பேரும் சேர்ந்தே எழுதுவோம்.

அன்புடன்.