மெக்கானிக்கைக் கண்டதும் ஒளிந்துகொள்ளும் சத்தம்

அண்ணே, காலையில் மல்டிஸ்டோரி கார்பார்க்கில் ஸ்டார்ட் செய்தால் இரண்டு நொடி கரகரவென்று ஒரு சத்தம். அப்புறம் மாயம். வொர்க்‌ஷாப்பில் காட்டினால் 'ஒன்றுமில்லை' என்று திருப்பி அனுப்புகிறார்கள். (யீஷூன்)

தம்பி, உங்கள் காதில் கோளாறு இல்லை. யீஷூனிலிருந்து சின் மிங்கில் இருக்கும் எங்கள் பட்டறைக்கு வந்து சேர்வதற்குள் எஞ்சின் சூடாகிவிடும், ஆயில் மேலே ஏறிவிடும், சத்தம் போய்விடும். இரவெல்லாம் நின்ற வண்டியில் ஆயில் எஞ்சினின் அடித்தொட்டியான சம்ப்பில் இறங்கிக் கிடக்கும். எஞ்சினுக்குள் வால்வுகளை நேரத்துக்குத் திறக்க வைக்கும் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் பல வண்டிகளில் ஆயில் அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது; அழுத்தம் வரும்வரை செயின் தொளதொளவென்று அடிக்கும். முதலில் ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, 10 நிமிடம் கழித்து. கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தால் மற்றப் பேச்செல்லாம் பிறகு. மலிவு ஆயில் ஃபில்டரும் காரணமாகலாம்: ஆயிலைத் திரும்ப வடியவிடாமல் தடுக்கும் ரப்பர் வால்வ் சரியாக மூடாது. இரண்டும் சரி என்றால், முதல்நாள் மாலையே வண்டியைப் பட்டறையில் விட்டுவிடுங்கள். மறுநாள் முதல் ஸ்டார்ட்டை மெக்கானிக்கே போடட்டும், பானெட்டைத் திறந்து வைத்து.

வண்டி நின்று எஞ்சின் மட்டும் ஓடும்போது (ஐடிலில்) டிக் டிக் என்று தையல் மெஷின் மாதிரி ஓடுகிறது. (தெம்பனிஸ்)

டைரக்ட் இன்ஜெக்‌ஷன் வண்டியா? அப்படியானால் பெட்ரோலை நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டரின் சத்தமாக இருக்கும், அது இயல்புதான். முன்பு இல்லாமல் புதிதாகக் கிளம்பியிருந்தால் மட்டும் வாருங்கள்.

மழை பெய்த மறுநாள் காலையில் கீச்சென்று கத்துகிறது. (புக்கிட் பாத்தோக்)

பெல்ட். எஞ்சின் ஓடும்போது விசிறி, பெல்ட் பக்கம் கை வராமல், பெல்ட்டின் வரிவரியான (ரிப்) பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் அடங்கித் திரும்ப வந்தால் பெல்ட் ஓடும் சக்கரங்கள் (புல்லி) ஒரே வரிசையில் இல்லை. கூடினால் பெல்ட் தளர்ந்திருக்கிறது. பெல்ட்டை மட்டும் மாற்றிவிட்டு அதை இறுக்கும் டென்ஷனரை அப்படியே விடும் கடைக்காரரிடம் ஏன் என்று கேளுங்கள்.

பிஐஇ விரைவுச்சாலையில் ஏறும்போது டொக் டொக். சிஓஇ (வண்டி வைத்திருக்கும் உரிமைச் சான்றிதழ்) முடிய 14 மாதம்தான் இருக்கிறது. எஞ்சினைப் பிரிக்கலாமா? (ஜூரோங்)

பிரிக்கும் முன் கேளுங்கள். போன மாதம் ஒருவர் வந்தார். வேறு இடத்தில் 'எஞ்சின் இறக்கணும்' என்று சொல்லியிருந்தார்களாம். எக்ஸாஸ்ட் மேலிருக்கும் சூடு தடுக்கும் தகட்டின் (ஹீட் ஷீல்ட்) ஒரு போல்ட் துருப்பிடித்து உடைந்திருந்தது, அவ்வளவுதான். ஒரு கிளாம்ப் போட்டேன்.

உங்களுடையது ஏற்றத்தில் மட்டும், கூழாங்கல் குலுங்குவதுபோல மெல்லிய சத்தமா? அது பிங்கிங், அதாவது பெட்ரோல் சீராக எரியாமல் தட்டும் சத்தம்; ஆக்டேன் ஒரு படி கூடிய பெட்ரோல் போட்டுப் பாருங்கள். கனமான அடியா, எஞ்சின் சூடானால் கூடுகிறதா? பிஸ்டனைத் தள்ளும் தண்டின் அடியில் இருக்கும் ராட் பேரிங் தேய்ந்திருக்கலாம். நான் ஒவ்வொரு சிலிண்டராக, தீப்பொறிக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில் கனெக்டரைக் கழற்றிப் பார்ப்பேன். எதைக் கழற்றினால் அடி குறைகிறதோ, பழுது அங்கே. ஆயில் விளக்கு ஒருமுறை மினுக்கினாலும் ஓரம்கட்டி எஞ்சினை அணையுங்கள், டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.

ராட் பேரிங் என்று உறுதியானால், வண்டியின் பதிவை இப்போதே நீக்கினால் மிச்ச மாதங்களுக்கு சிஓஇ பணம் எவ்வளவு திரும்புகிறது என்று பாருங்கள். அதன் பக்கத்தில் எஞ்சின் பில்லை வையுங்கள். 14 மாதத்துக்கு நான் என் சொந்த வண்டியின் எஞ்சினைக்கூட இறக்க மாட்டேன்.