பீடியை விட்டவர் பீட்டா கரோட்டின் சாப்பிடலாமா?

கோத்தகிரி பக்கம் ஒரு டீ பேக்டரியில் வேலை பார்க்கும் வாசகர் எழுதியிருக்கிறார். வயது 52. இருபத்தைந்து வருஷம் பீடி குடித்தவர், ஆறு மாதமாக விட்டுவிட்டார் (அதற்கே முதலில் ஒரு சபாஷ்). ஆள் சேர்த்து விற்கும் வியாபாரம் ஒன்றில் இறங்கியிருக்கிற மச்சினன், பீடியால் கெட்ட நுரையீரலை இது கழுவிவிடும் என்று சொல்லி ஓர் ஆன்டி ஆக்ஸிடன்ட் கேப்ஸ்யூல் டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். இதைச் சாப்பிடலாமா, ஹீமோகுளோபின் 9.4 இருக்கிற மனைவிக்கும் கொடுக்கலாமா, இல்லை கிரீன் டீக்கு மாறினாலே போதுமா, அம்மாவுக்குக் கண் டாக்டர் எழுதித் தந்த மாத்திரை அட்டையிலும் இதே வார்த்தை இருக்கிறதே, அது வேறா என்று நாலு கேள்வி.

டப்பாவின் பின்பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பியது நல்லதாகப் போயிற்று. ஒரு கேப்ஸ்யூலில் பீட்டா கரோட்டின் (கேரட்டுக்கு நிறம் தருவது, உடம்பில் வைட்டமின் ஏ ஆகிற பொருள்) 15 மில்லிகிராம், வைட்டமின் இ 400 ஐ.யு. (சர்வதேச அலகு), வைட்டமின் சி 1000 மில்லிகிராம், அப்புறம் செலினியம், கிரீன் டீ சாறு. உங்களுக்கு என் பதில் ஒரே வரி: இதைத் தொடாதீர்கள். ஏன் என்பதற்குத்தான் கொஞ்சம் நீளமாகப் பேச வேண்டியிருக்கிறது.

ஆக்ஸிஜனேற்றம் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை, நீங்கள் தினமும் பார்ப்பதுதான். ரோலரில் நசுங்கி விழும்போது பச்சையாக இருக்கிற இலை கொஞ்ச நேரத்தில் செப்பு நிறத்துக்கு வருகிறதே, அது இலைச்சாற்றில் இருக்கும் கேட்டசின்கள் காற்றில் உள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து மாறுவதால் வருவது. பேக்டரியில் அதை ஃபெர்மென்டிங் என்றுதான் சொல்கிறோம், உண்மையில் அங்கே எதுவும் புளிப்பதில்லை. ட்ரையர் சூட்டில் இலையின் நொதி செயலிழந்ததும் அந்த மாற்றமும் நின்றுவிடுகிறது.

உடம்புக்குள்ளும் இதே மாதிரி ஓயாமல் நடக்கிறது. மூச்சில் வாங்குகிற ஆக்ஸிஜனில் சிறு பங்கு, ஜோடி சேராத எலக்ட்ரான் கொண்ட நிலையற்ற துகள்களாக மாறி, பக்கத்தில் இருக்கிற கொழுப்பு, புரதம், டி.என்.ஏ. என்று எதிலிருந்தாவது எலக்ட்ரானைப் பிடுங்கப் பார்க்கும். இவைதான் ஃப்ரீ ராடிக்கல்கள். பீடிப் புகையில் இவை ஏராளம். தன் எலக்ட்ரானைக் கொடுத்து அந்தப் பிடுங்கலை நிறுத்துவது ஆன்டி ஆக்ஸிடன்ட். வைட்டமின் சி, இ, கரோட்டின் எல்லாம் அந்த வகை. ஆனால் விளம்பரத்தில் வராத இரண்டு விஷயம் உண்டு. ஒன்று, உடம்பு தானே குளூட்டாதயோன் மாதிரியான காவல்காரர்களைச் செய்துகொள்கிறது, நாம் சாப்பிடுவதை மட்டும் நம்பி அது உட்கார்ந்திருக்கவில்லை. இன்னொன்று, வெள்ளை அணுக்கள் கிருமியைக் கொல்ல இதே பொல்லாத துகள்களைத்தான் வேண்டுமென்றே தயாரிக்கின்றன. ஆகவே எல்லாவற்றையும் துடைத்தெடுத்துவிட்டால் நல்லது என்ற கணக்கே தப்பு.

காய்கறி, பழம் நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக இருக்கிறது, அவர்கள் ரத்தத்தில் பீட்டா கரோட்டினும் அதிகம் என்று ஒரு காலத்தில் தெரிய வந்தது. சரி, அதையே மாத்திரையாகக் கொடுத்துப் பார்ப்போம் என்று பின்லாந்தில் புகை பிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்துச் சோதித்தார்கள். 1994-ல் முடிவு வந்தபோது எல்லாருக்கும் அதிர்ச்சி: தினம் 20 மில்லிகிராம் பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. அமெரிக்காவில் 18,314 பேரிடம் நடந்த இன்னொரு சோதனையில், பீட்டா கரோட்டினோடு வைட்டமின் ஏ சேர்த்துக் கொடுத்ததில் 28 சதவீதம் கூடுதல், அதனால் 1996 ஜனவரியில் மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள். அந்த இரண்டாவது சோதனையில் புகையை விட்டவர்களும் இருந்தார்கள் என்பதைக் கவனியுங்கள். ஆறு மாதம் முன்பு விட்ட நீங்கள் அந்தக் கூட்டத்தில்தான் வருகிறீர்கள். புகையால் புண்ணான நுரையீரலில் அளவுக்கு மிஞ்சிய பீட்டா கரோட்டின் தானே சிதைந்து கெடுதல் செய்யலாம் என்று ஒரு விளக்கம் சொல்கிறார்கள்.

வைட்டமின் இ கதையும் சுகமில்லை. 35,533 ஆண்களிடம் நடந்த சோதனையில், உங்கள் டப்பாவில் இருக்கிற அதே 400 ஐ.யு. அளவைச் சாப்பிட்டவர்களுக்கு ப்ராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடியது 2011-ல் தெரிந்தது. கிரீன் டீயைக் குடிப்பது வேறு, சாறாகச் சுண்டக் காய்ச்சி மாத்திரையில் அடைப்பது வேறு, இரண்டாவது சிலருக்குக் கல்லீரலைத் தாக்கும். வைட்டமின் சி 1000 மில்லிகிராமில் பெரும்பகுதி சிறுநீரில்தான் போகப் போகிறது. ஆணுக்கு ஒரு நாளைக்குத் தேவை 80 மில்லிகிராம், ஒரு கொய்யாப்பழத்திலேயே அதைவிடக் கூட வந்துவிடும்.

அப்படியானால் கேரட்டையும் விட்டுவிடவா என்று பயந்துவிடாதீர்கள். கேரட்டிலிருந்து கரோட்டின் மெதுவாக, கொஞ்சமாகத்தான் ரத்தத்துக்கு வரும், உடம்பு வேண்டிய அளவுக்கு வைட்டமின் ஏ ஆக்கிக்கொள்ளும், மீறிப் போனால் உள்ளங்கை மஞ்சளாகும், அவ்வளவுதான். பச்சையாகக் கடிப்பதைவிட எண்ணெயில் தாளித்து வேகவைத்தால் கரோட்டின் நன்றாக இறங்கும், காரணம் அது கொழுப்பில் கரைவது. மலையில் நமக்கு இதெல்லாம் வாசலிலேயே கிடைக்கிறது: ஊட்டி கேரட், கீரை, பிளம்ஸ், பட்டர் ஃப்ரூட், மரத்தக்காளிச் சட்னி, சின்ன வயதில் சோலை ஓரம் பறித்து வாயெல்லாம் கருநீலமாக்கிக்கொண்ட தவிட்டுப்பழம். அந்தக் கருநீலமே ஆந்தோசயனின் என்கிற ஆன்டி ஆக்ஸிடன்ட்தான். ஒரு பழத்தில் நூறு பொருள் சேர்ந்திருக்கிறது, நார் இருக்கிறது, அதில் ஒன்றை மட்டும் உருவி மாத்திரையாக்கினால் அதே பலன் வரும் என்று எதிர்பார்த்ததில்தான் பின்லாந்தில் சறுக்கினார்கள்.

கிரீன் டீ விஷயம். கிரீன் டீயில் கேட்டசின் அப்படியே இருக்கும், நீங்கள் செய்கிற தூளில் அது தியாஃப்ளேவின் போன்றவையாக மாறியிருக்கும், இரண்டும் ஆன்டி ஆக்ஸிடன்ட் குடும்பமே. பிடித்தால் மாறுங்கள், இல்லையென்றால் நம் டீயே இருக்கட்டும். நாளைக்கு ஐந்து கிளாஸ், கிளாஸுக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பத்து ஸ்பூன்தான் என் கண்ணை உறுத்துகிறது. அதைப் பாதியாக்குங்கள்.

உங்கள் வீட்டில் உண்மையில் டீ கெடுதல் செய்கிற இடம் ஒன்று உண்டு. மனைவி இரும்புச்சத்து மாத்திரையைக் காலை டீயோடு விழுங்குகிறார், மத்தியானம் சோறு முடிந்த கையோடு இன்னொரு டீ. குளிரில் அந்தச் சூடு வேண்டியிருக்கிறது, புரிகிறது. ஆனால் டீயில் நாம் புகழ்கிற அதே பாலிஃபீனால்கள்தான் (கேட்டசின், தியாஃப்ளேவின் எல்லாம் இந்த வகை) கீரை, பருப்பு, ராகியில் இருக்கும் இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாமல் செய்கின்றன. பாதிக்கு மேல்கூட வீணாகலாம். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ வேண்டாம், சூடு வேண்டுமென்றால் ரசம் குடிக்கலாம் அல்லது வெறும் வெந்நீர். மாத்திரைக்கு எலுமிச்சைத் தண்ணீர், வைட்டமின் சி இரும்பை உள்ளே இழுத்துவிடும். இன்னொன்று, ஹீமோகுளோபின் 12 இருக்க வேண்டும் என்பது சமவெளிப் பெண்களுக்கான அளவுகோல். கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காற்றில் ஆக்ஸிஜன் அடர்த்தி குறைவு என்பதால் மலையில் இருப்பவர்களுக்கு ஹீமோகுளோபின் கொஞ்சம் கூடவே இருக்க வேண்டும். அதனால் 9.4 என்பது பார்வைக்குத் தெரிவதைவிடக் குறைச்சல். மாதவிடாய் ரத்தப்போக்கு அதிகமா என்று டாக்டரிடம் காட்டுங்கள், ஒரு மாதம் கழித்து மறுபடி ரத்தம் பாருங்கள். மச்சினன் கேப்ஸ்யூல் இதற்கு எந்த வகையிலும் உதவாது, அதில் இரும்பே இல்லை.

கடைசியாக அம்மாவின் கண் மாத்திரை. அதை நிறுத்திவிடாதீர்கள். வயதானவர்களுக்கு விழித்திரையின் நடுப்பகுதி தேய்கிற நோயில், குறிப்பிட்ட கட்டத்தில், இப்படி ஒரு கலவை நோய் முற்றுவதைத் தள்ளிப்போடும் என்று முறையான சோதனையில் தெரிந்திருக்கிறது. அதிலும் முன்பு பீட்டா கரோட்டின்தான் இருந்தது, 2013-ல் வந்த சோதனை முடிவுக்குப் பிறகு அதற்குப் பதில் லூட்டீன், ஸீயாஸாந்தின் என்ற இரண்டு நிறமிகளைச் சேர்க்கிறார்கள். அட்டையில் அந்த இரண்டு பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். பீட்டா கரோட்டின் என்று இருந்து, அம்மாவும் புகையிலை, வெற்றிலை போடுகிறவர் என்றால் அடுத்த முறை போகும்போது கண் டாக்டரிடம் அட்டையையே எடுத்துப்போய்க் காட்டுங்கள்.