பார்வை குறைந்த மகளுக்கு எந்த குரூப்?

வணக்கம் அம்மா. மகள் பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுத்தும், பார்வை குறைவு என்பதால் ஆர்ட்ஸ் குரூப்பே போதும் என்று பள்ளியில் சொல்லிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அக்கறையில்தான் சொல்லியிருப்பார்கள். ஆனாலும் ஒப்புக்கொள்ளாதீர்கள். பிளஸ் டூவில் கணக்கையும் இயற்பியலையும் விட்டுவிட்டால், நாளை அவள் பொறியியல் படிக்க விரும்பினாலும் அதற்கென்று இருக்கும் சலுகைகள் எதுவும் அவளுக்குப் பயன்படாது.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளி குறைபாட்டைக் காரணம் காட்டிப் பாகுபாடு செய்யக் கூடாது. அவள் கேட்கும் குரூப்பைக் குறிப்பிட்டுத் தலைமையாசிரியரிடம் மனுவாகக் கொடுங்கள். வாயால் மறுப்பவர்கள்கூடக் கையெழுத்துப் போட்டு மறுக்கத் தயங்குவார்கள்.

அப்புறம், யூடிஐடி என்னும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு இப்போதே விண்ணப்பியுங்கள். குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ என்று சான்று கிடைத்தால், தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்விலும் ஐஐடி சேர்க்கையிலும் 5 சதவீத ஒதுக்கீட்டில் வருவாள். ஐஐடிக்கான மூன்று மணி நேர ஜேஇஇ நுழைவுத் தேர்வில் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைக்கும். ஐஐடியில் கல்விக் கட்டணமும் கிடையாது.

"கண் தெரியாமல் கணக்கு எப்படி?" என்று கேட்டிருந்தீர்கள். புனேயைச் சேர்ந்த டி.வி.ராமன் 14 வயதில் பார்வையை இழந்தவர். ஐஐடி பாம்பேயில் படித்தார். கார்னெல் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காக அவர் உருவாக்கியது, கணிதச் சமன்பாடுகளைக் காதால் கேட்டே புரிந்துகொள்ள உதவும் மென்பொருள். பிறகு கூகுளில் வேலை பார்த்தார். கணினித் துறையில் ஒரு வசதி உண்டு: புரோகிராம் என்பது வெறும் எழுத்துதான். என்விடிஏ என்ற இலவச மென்பொருள் திரையில் இருப்பதை வரி வரியாகப் படித்துச் சொல்லிவிடும். ஸ்கேன் செய்து படமாகத் தரும் நோட்ஸ்தான் தொல்லை. அதை டைப் செய்த வடிவில் கேட்டு வாங்க அவள் பழக வேண்டும்.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. எந்தப் பிரிவில் சேர்ந்தாலும் முதலாண்டில் பெரும்பாலும் இன்ஜினியரிங் டிராயிங்கும் ஒர்க்‌ஷாப்பும் இருக்கும். பலர் சிரமப்படுவது அங்கேதான். கலந்தாய்வில் கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும் முன் நேரில் போய், இவ்விரண்டுக்கும் என்ன மாற்று ஏற்பாடு செய்வீர்கள் என்று துறைத் தலைவரிடமே கேளுங்கள். "பார்த்துக்கலாம்" என்று மட்டும் பதில் வந்தால், பட்டியலில் அடுத்த கல்லூரிக்குப் போய்விடுங்கள்.